சண்டையைக்கூடத் தாங்கலாம், அதற்குப் பிறகு வரும் மௌனத்தை எப்படிச் சமாளிப்பது?

தூரப்பார்வை:

கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. என் கணவர் நல்ல மனிதர், கை நீட்டியதில்லை, கெட்ட வார்த்தை பேசியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். எங்களுக்குள் சண்டை வருவது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை, சண்டைக்கு அப்புறம் அவர் பேச்சை நிறுத்திவிடுகிறாரே, அதுதான் தாங்க முடியவில்லை. பெரும்பாலும் பண விஷயம்தான். அவர் தம்பிக்குக் கொடுத்த கடன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிய ஏதாவது ஒரு பொருள், இப்படி. நான் பேச்சை எடுப்பேன், இரண்டு நிமிடம் ஒழுங்காகப் போகும், அப்புறம் அவர் முகம் இறுகும், “சரி விடு” என்பார். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளைக்கு என்னோடு பேச்சு கிடையாது. கேட்டால் “ம்”. மறுபடி கேட்டால் “ஒண்ணுமில்ல”.

அந்த நாட்களில் வீடு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நான் சமையலறையில் நிற்பேன், அவர் கூடத்தில் உட்கார்ந்திருப்பார், நடுவில் கதவுகூடக் கிடையாது. “வண்டிச் சாவி எங்கன்னு அம்மாகிட்ட கேளு” என்று மகளிடம் சொல்வார். அவள் என்னைப் பார்ப்பாள். “அலமாரி மேல இருக்குன்னு அப்பாகிட்ட சொல்லு” என்பேன் நான். நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும், ஆனாலும் அவள் வந்து சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டார். பிறகு ஒருநாள் காலையில் திடீரென்று “மழை வரும் போலிருக்கே, குடை எடுத்துக்க” என்பார். பழையபடி ஆகிவிட்டோம் என்று அர்த்தம். என்ன நடந்தது, எதற்கு நடந்தது, அந்தக் கடன் விஷயம் என்ன ஆயிற்று, எதுவும் கிடையாது.

கெஞ்சிப் பார்த்தாயிற்று, பின்னாலேயே போய்ப் பேசிப் பார்த்தாயிற்று, நானும் வாயைத் திறக்காமல் இருந்து பார்த்தாயிற்று. எதிலும் பலன் இல்லை. பேசாமல் இருக்கும் ரகத்தைச் சேர்ந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், அந்த நேரத்தில் உங்கள் மனதில் என்னதான் ஓடுகிறது என்று சொல்லுங்கள். கோபப்பட மாட்டேன், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பழையபேனா:

நான் அந்த ரகம்தான், அதனால் சொல்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் கல் மாதிரி உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். உள்ளே அப்படி இல்லை. பேச்சு சூடாகும்போது எனக்கு முதலில் காது அடைக்கும், நெஞ்சு படபடவென்று அடிக்கும், எதிரில் இருப்பவர் வாய் அசைவது தெரியும், வார்த்தை மட்டும் ஏறாது. அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் தப்பாகத்தான் வரும், சொன்னது பல வருடத்துக்கு நினைவில் வைத்திருக்கப்படும் என்று தெரியும், அதனால் வாயை மூடிக்கொள்வேன். உங்களைத் தண்டிக்க வேண்டும் என்ற எண்ணமே அப்போது இருக்காது. அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் போதும் என்றுதான் இருக்கும்.

அப்படி நகரும்போது பின்னாலேயே வந்து “பதில் சொல்லிட்டுப் போ” என்று நின்றால், அதைவிடக் கொடுமை வேறில்லை. அறைக்கு அறை துரத்தினால் இன்னும் உள்ளேதான் போவேன். கொஞ்சம் விட்டுவிடுங்கள், தானாகச் சரியாகும்.

வெள்ளைத்தாள்:

பழையபேனா சொல்வதில் பாதியை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன், மீதிப் பாதியோடு எனக்குச் சண்டை உண்டு.

ஏற்றுக்கொள்ளும் பாதி இது. அந்தப் படபடப்பு உண்மையானது, அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்து, அவர்களுக்குள் வழக்கமாகச் சண்டை மூட்டும் விஷயத்தையே பேசச் சொல்லி, பேசும்போது இதயத் துடிப்பு, வியர்வை எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். பல ஆண்டுகள் நடந்த வேலை. துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிப் போய்விட்டால் எதிராளி சொல்வதைக் கேட்டு யோசிக்கும் திறனே குறைந்துவிடுகிறது என்கிறார் காட்மன். அவர் சொல்லும் இன்னொரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருமுறை தம்பதிகளின் வாக்குவாதத்தை நடுவில் நிறுத்தி, கருவியில் ஏதோ கோளாறு, சரிசெய்யும்வரை அந்த விஷயத்தைப் பேசாமல் பத்திரிகை படித்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து அதே பேச்சை மறுபடி தொடங்கச் சொன்னால், துடிப்பு இறங்கியிருந்தது, பேச்சும் உருப்படியாக நடந்தது. அதே ஆட்கள், அதே பிரச்சினை.

இப்போது சண்டைக்குரிய பாதி. உடம்பு அடங்குவதற்குக் குறைந்தது இருபது நிமிடம் வேண்டும் என்பது அவர் கணக்கு. சரி, ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், சிலருக்கு ஒரு ராத்திரிகூடத் தேவைப்படலாம். மறுநாள் மத்தியானம் யாருக்கும் நெஞ்சு படபடக்காது. சாவி எங்கே என்று மகள் வழியாகக் கேட்கிற மனிதருக்குக் காது அடைத்திருக்கவில்லை, அவர் நன்றாகவே யோசிக்கிறார். முதல் ஒரு மணி நேரத்தின் மௌனமும் அடுத்த நாள் மௌனமும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டு “என் சுபாவம் இப்படி” என்று சொல்லிவிடக் கூடாது.

அலைவரிசை:

தூரப்பார்வை அக்கா, உங்கள் பதிவில் உங்களைவிட உங்கள் மகளைத்தான் நான் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் அம்மா பேசாமல் இருப்பார். அப்பாவோடு மட்டும் என்றில்லை, எங்களோடும்தான். மதிப்பெண் குறைந்தால், எதிர்த்துப் பேசினால், சில நேரம் எதற்கென்றே தெரியாது. தட்டு வரும், துணி துவைத்து மடித்து வைக்கப்படும், எல்லாம் நடக்கும், முகம் மட்டும் திரும்பாது. காலடிச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எப்படி என்று சொல்லிவிடுவேன். வளர்ந்து ஆளான பிறகும் அலுவலகத்தில் யாராவது ஒருநாள் கொஞ்சம் குறைவாகப் பேசினால் நான் என்ன செய்தேன் என்று மனம் தேட ஆரம்பித்துவிடுகிறது.

எட்வர்ட் ட்ரானிக் என்பவர் 1970களில் செய்த ஒரு சோதனை இருக்கிறது. அம்மா கைக்குழந்தையோடு சிரித்துப் பேசி விளையாடிக்கொண்டிருப்பார், திடீரென்று முகத்தை எந்த உணர்ச்சியும் இல்லாமல் வைத்துக்கொள்வார், குழந்தையைப் பார்ப்பார், ஆனால் எதற்கும் பதில் கொடுக்க மாட்டார். சில நிமிடங்கள்தான். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், அம்மாவை எப்படியாவது பழையபடி கொண்டுவரத் தன்னிடம் இருக்கும் எல்லா வித்தையையும் காட்டும், ஒன்றும் பலிக்காமல் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிடும், சில குழந்தைகள் அழுதுவிடும். பேச்சே வராத வயதில் இது. அப்படியானால் பேச்சு புரிகிற பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கணவன் மனைவி பேசிக்கொள்கிறீர்களா இல்லையா என்பது மெதுவாகத் தீரட்டும். அவளைத் தூது அனுப்புவதை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். அவர் நிறுத்த மாட்டார் என்றால் நீங்கள் நிறுத்துங்கள். அவள் வந்து கேட்டால் “அப்பாவையே என்னிடம் கேட்கச் சொல்” என்றுகூட வேண்டாம், அதுவும் தூதுதான், நேராக அவரைப் பார்த்து நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்.

நிழல்மரம்:

ஆண்கள் என்றால் இப்படித்தான் என்று பேச்சு போகும்முன் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பேசாமல் இருப்பவர் என் மனைவி, பின்னாலேயே போய் “என்னன்னு சொல்லு, என்னன்னு சொல்லு” என்று நிற்பவன் நான்.

இது எனக்கு நீண்ட காலம் புரியாமலே இருந்தது, பிறகு படித்ததில் கொஞ்சம் தெளிவு வந்தது. ஒருவர் துரத்துவதும் இன்னொருவர் ஒதுங்குவதும் தம்பதிகளிடம் திரும்பத் திரும்ப வரும் ஒரு சுழல். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டஃபர் ஹெவியும் 1990இல் இதை ஆராய்ந்தபோது தம்பதிகளை இரண்டு விதமான விஷயங்களைப் பேச வைத்தார்கள், ஒன்று மனைவி மாற்றம் கேட்கும் விஷயம், மற்றது கணவர் மாற்றம் கேட்கும் விஷயம். முதலாவதில் மனைவி துரத்த கணவர் ஒதுங்குவது தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவதில் அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. யார் ஆண், யார் பெண் என்பதோடு, யாருக்கு இப்போதிருக்கும் நிலை மாற வேண்டும் என்பதும் சேர்ந்துதான் இதை நடத்துகிறது. மாற்றம் வேண்டியவர் பேசியாக வேண்டும். இருப்பதே போதும் என்பவருக்குப் பேச்சு நடக்காமல் போனாலே ஜெயம்தான்.

உங்கள் வீட்டில் தம்பிக்குக் கடன் கொடுப்பது தொடர வேண்டும் என்று நினைப்பவர் அவர், நிற்க வேண்டும் என்று நினைப்பவர் நீங்கள். பேசாமல் மூன்று நாள் ஓட்டினால் என்ன ஆகிறது? கடன் அப்படியே தொடர்கிறது. அவர் திட்டம் போட்டுச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மௌனத்தால் அவருக்கு ஒரு லாபம் கிடைக்கிறது, லாபம் கிடைக்கும் பழக்கம் லேசில் போகாது.

பழையபேனா:

வெள்ளைத்தாள் கேட்டது நியாயமான கேள்விதான், மறுநாள் ஏன் பேசுவதில்லை என்று. யோசித்துப் பார்த்தேன், முடிந்தவரை உள்ளபடி எழுதுகிறேன்.

முதல் ராத்திரி நான் சொன்ன படபடப்பு. மறுநாள் காலையில் அது இருக்காது, உண்மை. அப்போது இருப்பது வேறு. எப்படித் திரும்பி வருவது என்று தெரியாது. நான் வாயைத் திறந்தால், “இப்பத்தான் பேசத் தோணுச்சா?” என்று தொடங்கி நேற்று விட்ட இடத்திலிருந்து முழுச் சண்டையும் மறுபடி நடக்கும், அதோடு பேசாமல் இருந்ததற்கான சண்டையும் சேரும். நேரம் ஆக ஆக அந்தக் கணக்கு கூடிக்கொண்டே போகும், மூன்று மணி நேரத்துக்குப் பதில் சொல்வதைவிட மூன்று நாளுக்குப் பதில் சொல்வது கஷ்டம் இல்லையா. அதனால் இன்னும் தள்ளிப்போடுவேன். வீம்பு இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன், அதுவும் ஒரு ஓரத்தில் இருக்கும். ஆனால் பெரும்பகுதி, கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்பதுதான்.

அந்த “மழை வரும் போலிருக்கே” இருக்கிறதே, அதை நீங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறீர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு வரியைச் சொல்ல ஒரு ராத்திரி முழுக்க ஒத்திகை நடந்திருக்கும்.

தூரப்பார்வை:

பழையபேனா, உங்கள் இரண்டாவது பதிவைப் பலமுறை படித்தேன். ஒத்திகை நடந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஆனால் என் பக்கமும் கேளுங்கள். அந்த மழை வரியை நான் ஏற்றுக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டால் விஷயம் முடிந்தது என்று ஆகிவிடுகிறது. ஏற்றுக்கொள்ளாமல் “முந்தாநாள் பேசினதைப் பத்தி” என்று தொடங்கினால், சமாதானத்துக்கு வந்தவரை அடித்துத் துரத்தின பழி எனக்கு. இரண்டு பக்கமும் நான்தான் மாட்டிக்கொள்கிறேன்.

அப்புறம், அந்த நாட்களில் எனக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்கவில்லை. தூக்கம் வராது. வேலையில் தப்பு வரும். திட்டினால்கூட மனுஷியாக மதித்துத் திட்டினார் என்று இருக்கும், இது நான் அங்கே இல்லவே இல்லை என்பது போல.

அலைவரிசை:

நீங்கள் கடைசியாகச் சொன்னது அப்படியே ஆராய்ச்சியில் இருக்கிறது அக்கா. கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருநாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது எறிந்து விளையாடும் ஃப்ரிஸ்பீ தட்டு ஒன்று அவர் பக்கத்தில் வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார், விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பேர் அவருக்கும் திருப்பி எறிந்தார்கள், சிறிது நேரம் மூவரும் விளையாடினார்கள். பிறகு அவர்கள் எதுவும் சொல்லாமல் தங்களுக்குள் மட்டும் எறிந்துகொள்ளத் தொடங்கிவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள், இரண்டு நிமிட விளையாட்டு, ஆனாலும் அவருக்கு அது அவ்வளவு வலித்தது. அதையே பந்து எறிந்து ஆடும் கணினி விளையாட்டாக்கி ஒதுக்கப்படுவதைப் பற்றி ஆராயத் தொடங்கினார். எதிரில் ஆடுவது மனிதர்கள் இல்லை, கணினிதான் என்று முன்பே சொல்லிவிட்டாலும் பந்து வராதவர்களுக்கு மனம் வாடுகிறது என்று பிறகு கண்டார்கள். 2003இல் நவோமி ஐசன்பெர்கரோடு சேர்ந்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, உடல்வலியின் துன்பத்தோடு தொடர்புடைய ஒரு பகுதி ஒதுக்கப்பட்டவர்களிடம் கூடுதலாக வேலை செய்தது தெரிந்தது. அந்த ஸ்கேனுக்கு என்ன பொருள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு, ஆனால் வலிக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆக, முன்பின் தெரியாதவர் ஒதுக்கினாலே இவ்வளவு என்றால், ஒரே வீட்டில் இருப்பவர் நாட்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் தூக்கம் வராமல் போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நீங்கள் ரொம்ப உணர்ச்சிவசப்படுபவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சாய்ந்தகோபுரம்:

நேரில் பேச முடியாதவர்கள் எழுதி அனுப்புங்கள் என்று இங்கே யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்துதான் வந்தேன். தயவுசெய்து ராத்திரி பதினோரு மணிக்கு நீள நீளமாக மெசேஜ் அனுப்பாதீர்கள். அனுப்புபவர் ஒரு குரலில் எழுதுவார், படிப்பவர் வேறொரு குரலில் படிப்பார். ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மின்னஞ்சலில் தாங்கள் கிண்டலாகச் சொல்கிறோமா உண்மையாகச் சொல்கிறோமா என்பது நான்கில் மூன்று பங்குக்கும் மேல் சரியாகப் போய்ச் சேரும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகக் கண்டுபிடித்தது பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம், அதாவது காசைச் சுண்டிப் பார்ப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். அதையே குரலில் சொன்னபோது பெரும்பாலும் சரியாகப் புரிந்தது. சாதாரண நாளிலேயே இப்படி என்றால், கோபமாக இருப்பவர் “சரி உன் இஷ்டம்” என்ற வரியை எந்தக் குரலில் படிப்பார்?

இன்னொன்று. “இத்தனை வருஷம் கூட இருந்தவருக்கு இது சொல்லாமலே தெரிய வேண்டாமா” என்ற ஆதங்கம் எல்லார் வீட்டிலும் உண்டு. கென்னத் சவிட்ஸ்கி 2011இல் தம்பதிகளை முதுகைக் காட்டி உட்கார வைத்து, இரண்டு விதமாக அர்த்தம் வரக்கூடிய வாக்கியங்களைச் சொல்ல வைத்தார். வாழ்க்கைத் துணை நம் வாக்கியத்தைச் சரியாகப் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கை பெரிதாக இருந்தது, ஆனால் உண்மையில் அந்நியர்கள் புரிந்துகொண்ட அளவுக்குத்தான் துணைகளும் புரிந்துகொண்டார்கள். நெருக்கம் கூடக்கூட விளக்கிச் சொல்வதை நிறுத்திவிடுகிறோம். உங்களவர் மௌனத்தையும் மழை வரியையும் நீங்கள் படித்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறார், உங்கள் முகத்தைப் பார்த்தே உங்கள் வருத்தத்தை அவர் படித்துக்கொள்வார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இரண்டு பேருமே எதையும் வாயால் சொல்லவில்லை.

கரையோரம்:

நான் கொஞ்சம் வேறு மாதிரி பேசப்போகிறேன், மன்னிக்கவும். இங்கே எல்லாரும் நல்லபடியாக எழுதுகிறீர்கள், ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது வீட்டு நிலைமை வேறாக இருக்கலாம். மௌனத்தோடு கூடவே செலவுக்குப் பணம் நிறுத்தப்படுகிறதா, பிறந்த வீட்டோடு பேசக் கூடாது என்ற தடை வருகிறதா, நீங்கள் மன்னிப்புக் கேட்டுக் காலில் விழும்வரை அது நீள்கிறதா, ஒவ்வொரு முறையும் நீங்கள் கேட்ட ஒரு விஷயத்தைக் கைவிட்ட பிறகுதான் பேச்சு திரும்புகிறதா, அவர் வீட்டுக்குள் வரும் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறதா. இதெல்லாம் இருந்தால் நீங்கள் எப்படிப் பேச வேண்டும் என்று கற்றுக்கொள்வதால் தீராது. அங்கே மௌனம் கட்டுப்படுத்தும் ஆயுதம். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், மனநல ஆலோசகர் ஒருவரைத் தனியாகப் போய்ப் பாருங்கள். தம்பதியாகச் சேர்ந்து போவது அந்த நிலைமையில் சில நேரம் ஆபத்தாகக்கூட முடியும், அதனால் முதலில் தனியாக.

நான் அப்படி ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்தவள். தூரப்பார்வை, உங்கள் நிலைமை அது மாதிரி தெரியவில்லை, ஆனால் மேலே கேட்ட கேள்விகளை உங்களுக்கு நீங்களே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

தூரப்பார்வை:

கேட்டுப் பார்த்துவிட்டேன் கரையோரம். பயம் இல்லை. பணமும் நிறுத்தியதில்லை. ஆனால் நான் கேட்ட விஷயம் ஒவ்வொரு முறையும் அப்படியே அமுங்கிப்போகிறது என்பது மட்டும் உண்மை, நிழல்மரமும் அதைத்தான் சொன்னார். வெளியில் வந்துவிட்டீர்கள் என்று கேட்கச் சந்தோஷம், எழுதியதற்கு நன்றி.

எல்லாரும் காரணம் சொல்கிறீர்கள், நன்றாகப் புரிகிறது. அடுத்த முறை “சரி விடு” என்று எழுந்து போகும்போது நான் என்ன வார்த்தை சொல்ல வேண்டும்? அதைச் சொல்லுங்கள்.

வெள்ளைத்தாள்:

அடுத்த முறை சண்டை நடக்கும்போது எந்த வார்த்தையும் எடுபடாது. சண்டை இல்லாத ஒரு நாளில் சொல்லி வைக்க வேண்டும், அதுவும் பண விஷயத்தைத் தொடாமல், பேசாமல் இருப்பதைப் பற்றி மட்டும்.

நான் சொல்லிப் பார்த்த விதம்: “கோபம் வரும்போது உங்களால் பேச முடியவில்லை என்று எனக்குத் தெரியும், எழுந்து போங்கள், நான் பின்னால் வர மாட்டேன். ஆனால் போகும்போது எப்போது பேசலாம் என்று ஒரு நேரம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன்.” இதில் இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று கிடைக்கிறது. அவருக்குத் துரத்தல் இல்லை. உங்களுக்கு, இது எப்போது முடியும் என்று தெரிகிறது. மௌனத்தில் பாதிக் கொடுமை அது எவ்வளவு நேரம் நீளும் என்று தெரியாமல் இருப்பதுதானே. எனக்குத் தெரிந்தவரை, நேரம் சொல்லிவிட்டுப் போவது இடைவேளை, நேரம் சொல்லாமல் போவது தண்டனை, போகிறவர் மனதில் என்ன நினைத்தாலும் சரி.

அப்புறம் அந்த இடைவேளையில் என்ன செய்கிறீர்கள் என்பது முக்கியம், இதைப் பலரும் கவனிப்பதில்லை. தனி அறையில் உட்கார்ந்து “அவள் இப்படிச் சொன்னாளே, நான் அப்படிக் கேட்டிருக்கணும்” என்று அடுத்த சுற்றுக்கு வாதத்தைத் தீட்டிக்கொண்டிருந்தால் இருபது நிமிடம் என்ன, இரண்டு மணி நேரம் ஆனாலும் இறங்காது. கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பயிற்சி மூட்டையைக் குத்தினால் கோபம் தணியுமா என்று பிராட் புஷ்மன் 2002இல் பார்த்தார், தணியவில்லை, கூடத்தான் செய்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட நன்றாக இருந்தார்கள். அதனால் துணி மடியுங்கள், நடந்துவிட்டு வாருங்கள், அந்த விஷயத்தோடு தொடர்பில்லாத எதையாவது செய்யுங்கள்.

முதல் முறையே நடந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் புதுப் பழக்கம் எவ்வளவு நாளில் படிகிறது என்று பார்த்தார்கள், சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள், நடு மதிப்பு 66. அதுவும் தினமும் செய்யும் சின்ன வேலைகளுக்கு. சண்டை தினமும் வருவதில்லையே, இன்னும் மெதுவாகத்தான் படியும். ஆனால் அந்த ஆய்விலேயே நடுவில் ஒருநாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றும் இருக்கிறது. அதனால் ஒருமுறை அவர் நேரம் சொல்லாமல் போய்விட்டார் என்று எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நிழல்மரம்:

துரத்துகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது, அதை நான் சொல்கிறேன், வெள்ளைத்தாள் பேசாதவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பேச்சை எப்படித் தொடங்குகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. “நீங்க எப்பவுமே உங்க தம்பிக்குத்தான் முதலிடம்” என்று தொடங்கினால் அடுத்த நிமிடம் முகம் இறுகத்தான் செய்யும். “இந்த மாதம் பணம் போதவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, கொடுப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்று தொடங்கினால் அதே விஷயம்தான், ஆனால் அவர் தற்காத்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. வேலை முடிந்து உள்ளே நுழைந்த உடனே பேச்சை எடுக்காமல் இருப்பதும் இதில் சேர்த்தி.

மலையடிவாரம்:

நான் இங்கே எழுதும் எல்லாரையும்விட வயதில் மூத்தவன் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்திலேயே எனக்கு உடன்பாடு இல்லை. மேலே சொன்ன அதே காட்மன்தான் தம்பதிகளுக்குள் வரும் பிரச்சினைகளில் 69 சதவீதம் தீராதவை, குணத்திலும் வளர்ப்பிலும் உள்ள வேற்றுமையால் திரும்பத் திரும்ப வருபவை என்றும் சொல்கிறார். என் அனுபவத்துக்கு அது பொருந்துகிறது. நானும் என் மனைவியும் சில விஷயங்களில் கடைசிவரை ஒத்துப்போகப் போவதில்லை, அது இருவருக்கும் தெரியும், அந்தப் பேச்சு வரும்போது ஒருவரையொருவர் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். அதுவும் மௌனம்தான். ஆனால் அதில் யாரும் யாரையும் ஒதுக்கவில்லை.

தம்பிக்குப் பணம் கொடுப்பது தீராத வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். அப்படியானால் எவ்வளவு வரை, யாரைக் கேட்டு என்று ஓர் ஏற்பாடு செய்துகொள்ள முடியுமே தவிர, அவருக்குத் தம்பி மேல் இருக்கும் பாசத்தை நீங்கள் வாதாடி மாற்ற முடியாது.

வெள்ளைத்தாள்:

ஐயா, அதை மறுக்கவில்லை. நீங்கள் இருவரும் பேசிப் பேசித் தெரிந்துகொண்ட பிறகு ஒதுக்கி வைத்தீர்கள். இங்கே ஒருவர் பேசவே விடாமல் ஒதுக்கி வைக்கிறார். தீராத பிரச்சினை எது என்று தெரிந்துகொள்ளவே ஒருமுறையாவது முழுதாகப் பேசியிருக்க வேண்டும்.

மலையடிவாரம்:

அதுவும் சரிதான். எங்களுக்கு அதற்குப் பல வருடங்கள் ஆயின.

தூரப்பார்வை:

கொஞ்ச நாள் கழித்து எழுதுகிறேன். என்ன நடந்தது என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள்.

சண்டை இல்லாத ஒரு சாயங்காலம் பார்த்து வெள்ளைத்தாள் சொன்னதை ஏறக்குறைய அப்படியே சொன்னேன். அவர் முதலில் “இப்ப எதுக்கு இது” என்றார். மகளைத் தூது அனுப்புவதைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார், அது அவருக்குத் தைத்துவிட்டது. அவர் வீட்டில் அவருடைய அப்பாவும் அம்மாவும் மாதக்கணக்கில் அப்படிப் பேசிக்கொண்டவர்களாம், நடுவில் ஓடியவர் இவர்தானாம். இவ்வளவு வருடத்தில் எனக்கு இது தெரியாது. அந்த விஷயத்தில் இனி அப்படி நடக்காது என்று தானாகவே சொன்னார், இதுவரை நடக்கவும் இல்லை.

நேரம் சொல்லும் விஷயம் அவ்வளவு சுலபமாக வரவில்லை. அடுத்த சண்டை வந்தது, எழுந்து போனார், வாசலில் நின்று “நாளைக்கு” என்றார். நாளைக்கு எப்போது என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன், பின்னாலும் போகவில்லை. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வந்தது, அதுவே பெரிய விஷயம். மறுநாள் ராத்திரி மகள் தூங்கிய பிறகு அவராக வந்து உட்கார்ந்தார். முதலில் மழை, வெயில் என்றுதான் போயிற்று. பழையபேனா எழுதியது நினைவுக்கு வந்ததால் “இப்பத்தான் பேசத் தோணுச்சா” என்று கேட்கவில்லை. “வந்து உட்கார்ந்தீங்களே, அதுவே நல்லது” என்றேன். அப்புறம் பேசினோம். பாதி வழியில் மறுபடி முகம் இறுகியது, “கொஞ்சம் இரு” என்று தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்தார், அதைத்தான் சொல்ல வேண்டும்.

பழையபேனா:

“நாளைக்கு” என்று சொன்னதே எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய தூரம். இன்னும் கொஞ்ச நாளில் மணி சொல்வார். ஒன்றே ஒன்று, நேரம் சொல்லிவிட்டு எழுந்து போனவரே பேச்சைத் தொடங்க வேண்டும் என்று உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போய் “நாளைக்குன்னு சொன்னீங்களே” என்று நினைவூட்டினால் மறுபடி துரத்தலாகிவிடும். நானும் என் வீட்டில் அப்படித்தான் பேசி வைத்திருக்கிறேன், இந்த இழையைப் படித்த பிறகு.

அலைவரிசை:

மகள் எப்படி இருக்கிறாள் அக்கா?

தூரப்பார்வை:

நன்றாக இருக்கிறாள். போன வாரம் நாங்கள் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள், வழக்கம்போல ஏதாவது சொல்லி அனுப்பப் போகிறோம் என்று நினைத்திருப்பாள். அவர்தான் சொன்னார், “நாங்க பேசிக்கறோம்மா, நீ போய் விளையாடு” என்று.

கடன் விஷயம் இன்னும் தீரவில்லை. மாதத்துக்கு ஒரு வரம்பு வைப்பது வரை வந்திருக்கிறோம், எவ்வளவு என்பதில் இழுபறி. மலையடிவாரம் ஐயா சொன்ன ஏற்பாடு என்ற யோசனை அவருக்குப் பிடித்திருக்கிறது. குடும்பத்துக்குள் கடன் கொடுப்பவர்கள் வரம்பை எப்படி முடிவு செய்கிறீர்கள், எழுதி வைத்துக்கொள்கிறீர்களா, கேட்கும் உறவினரிடம் அதை யார் சொல்வது, கணவரா இருவருமா? பழக்கம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

சாய்ந்தகோபுரம்:

இருவரும் சேர்ந்து நேரில் சொல்வதுதான் நல்லது. மெசேஜில் வேண்டாம்.